வீட்டு இன்சூரன்ஸில் எந்தத் தொகையை எழுதுவது?

மடிப்பாக்கத்தில் இருக்கும் என் மச்சான் போன வாரம் வீட்டுக் கடன் ஃபைலைக் கொண்டுவந்து நீட்டினார். இன்சூரன்ஸ் தாளில் தொகை 45 லட்சம். கடனும் அதே 45 லட்சம். யாரோ கடன் தொகையை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டார்கள். இது நிறைய ஃபைல்களில் நடப்பதுதான்.

வீடு எரிந்தாலும் மனை அங்கேயேதான் கிடக்கும், அதனால் மனை விலை இந்தக் கணக்கிலேயே வராது. 1 கோடியே 10 லட்சத்துக்கு வாங்கியிருக்கலாம், கைடுலைன் வேல்யூ என்னவாகவும் இருக்கலாம், நமக்கு வேண்டியது இதே கட்டடத்தை இன்றைய கூலிக்கும் சிமெண்ட் விலைக்கும் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பது மட்டும்தான். பேங்க் வேல்யூயர் ரிப்போர்ட்டில் கட்டடத்துக்குத் தனியாக ஒரு தொகை இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் தேய்மானம் கழித்தது, அதை எடுக்காதீர்கள். பழைய வீட்டுக்கென்று மேஸ்திரி கூலியைக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் ஏரியாவில் வீடு கட்டும் இரண்டு கான்ட்ராக்டர்களிடம் சதுர அடி ரேட் கேளுங்கள். 2,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மச்சான் வீடு 1,200 சதுர அடி, ஆக 31 லட்சத்து 20 ஆயிரம். காம்பவுண்ட் சுவர், சம்ப், மேல்தொட்டி எல்லாம் சேர்த்து இன்னொரு 3 லட்சம். மொத்தம் 34.2 லட்சம். கூடுதலாக 45 லட்சத்துக்கு எழுதியதால் பிரீமியம்தான் அதிகம், கட்டும் செலவுக்கு மேல் யாரும் தரமாட்டார்கள்.

இங்கேதான் ஒரு வழுக்கல். 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி கேட்பது கார்பெட் ஏரியா, அதாவது வெளிச்சுவர் போக உள்ளே நடமாடும் இடம். கான்ட்ராக்டர் ரேட்டோ சுவரையும் சேர்த்த பில்ட்-அப் பரப்புக்கு. மச்சான் வீட்டுக் கார்பெட் 960 சதுர அடி, அதை 2,600-ஆல் பெருக்கினால் 24.96 லட்சம்தான் வரும், ஆறு லட்சத்துக்கு மேல் காணாமல் போய்விடும். அதனால் 31.2 லட்சத்தை 960-ஆல் வகுத்து, 3,250 என்று ரேட் போடுங்கள்.

குறைத்து எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். சராசரி விதி (எந்த விகிதத்தில் குறைத்து எழுதினோமோ, அதே விகிதத்தில் இழப்பீட்டையும் வெட்டும் விதி) இருக்கும் பாலிசிகளில், திரும்பக் கட்ட 30 லட்சம் ஆகும் வீட்டுக்கு 15 லட்சம் எழுதியிருந்தால், 4 லட்சம் சேதத்துக்கும் பாதிதான் கையில் வரும். கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு இல்லை, நீண்ட காலப் பாலிசியில் கட்டடத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக ஏறவும் செய்யும், ஆனாலும் எழுதிய தொகைதான் உச்சவரம்பு.

அப்புறம், ஃபைலின் அடியில் இன்னொரு தாள் இருந்தது. 'லோன் இன்சூரன்ஸ்' என்று மச்சான் நம்பிக்கொண்டிருந்தது அதைத்தான். வாசித்துப் பார்த்தால் ஆயுள் காப்பீடு, அவர் இறந்தால் கடனை அடைக்கும். வீடு இடிந்தால் அதிலிருந்து ஒரு பைசா வராது.