துணி துவைத்த தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பும் முன்

வாஷிங் மெஷின் தண்ணீரை முதன்முதலில் தோட்டத்துக்கு எடுத்தபோது நான் எந்த விதியையும் படிக்கவில்லை. ஹோஸைக் கழற்றி ஒரு பெரிய டிரம்மில் விட்டேன். தேவைப்படும்போது மொண்டு ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. வெள்ளிக்கிழமை பிடித்த தண்ணீர், திங்கள் காலை மூடியைத் திறந்ததும் செப்டிக் டேங்க்கைத் திறந்ததுபோல நாறியது. பக்கத்து வீட்டார் புகார் சொன்னார்கள். அப்புறம்தான் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே நான் செய்த அடுத்த தவறு, "சாம்பல் நீரைப் பயன்படுத்தலாமா?" என்று மொட்டையாகக் கேட்டது. (சாம்பல் நீர் என்றால் கழிப்பறைத் தண்ணீர் கலக்காத, குளித்த, துவைத்த தண்ணீர்.) "கூடாது" என்று பதில் வந்தது. கேட்ட விதம் அப்படி. கழிவுநீர் என்று காதில் விழுந்தால் எந்த அலுவலரும் அதைத்தான் சொல்வார். இரண்டாவது முறை ஒரே ஒரு தாளோடு போனேன். எந்தக் குழாயிலிருந்து எடுக்கிறேன், ஒரு தடவைக்கு எத்தனை லிட்டர், வாரத்துக்கு எத்தனை தடவை, எந்த மரங்களுக்குப் போகிறது, வேண்டாதபோது சாக்கடைக்கு எப்படித் திரும்பும் என்று எழுதி, கையால் ஒரு படமும் வரைந்திருந்தேன். அதே அலுவலகம், "இதற்கு விண்ணப்பமே வேண்டாம், தண்ணீர் வேலி தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றது.

எங்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் விதிகள் பெரும்பாலும் அளவையும் குழாயையும் பார்த்தே பிரிகின்றன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2001 முதல், ஒரு வீடு நாளுக்கு 400 காலனுக்குள், அதாவது சுமார் 1,500 லிட்டருக்குள், நிபந்தனைகளின்படி பயன்படுத்தினால் தனி விண்ணப்பம் கிடையாது. கலிபோர்னியாவில் இருக்கிற குழாயை வெட்டாமல் வாஷிங் மெஷின் தண்ணீரை மட்டும் திருப்பினால் கட்டுமான அனுமதி தேவையில்லை; பாத்ரூம் குழாயை வெட்டினால் தேவை. அதனால் மெஷினிலிருந்து தொடங்குங்கள். அதற்குள்ளேயே பம்ப் இருக்கிறது, சுவரை உடைக்க வேண்டாம்.

அளப்பது எளிது. ஒரு முழு சுற்றின் தண்ணீரையும் டிரம்மில் பிடித்து வாளியால் மொண்டு எண்ணுங்கள். எனக்கு 12 லிட்டர் வாளியில் ஒன்பது வந்தது. (அந்த டிரம்மால் எனக்குக் கிடைத்த ஒரே பயன் இது.)

சாம்பல் நீரில் எந்தத் தண்ணீர் சேரும்? குளியல், கைகழுவும் தொட்டி, துணி துவைத்தது. கழிப்பறைத் தண்ணீர் எங்கும் சேராது. சமையலறைத் தண்ணீரை எண்ணெய்ப் பிசுக்குக்காகவும் உணவுத் துணுக்குகளுக்காகவும் பல ஊர் விதிகள் ஒதுக்கிவிடுகின்றன. குழந்தையின் மலத்துணி துவைத்த தண்ணீரும் அப்படியே.

24 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கக்கூடாது என்று பல விதிகளில் வரும் கெடுவின் காரணத்தை என் டிரம்மே காட்டிவிட்டது. அழுக்கைத் தின்று கிருமிகள் பெருகுகின்றன, தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்ததும் நாற்றம் கிளம்புகிறது. கொசு வேறு. ஆக, சேமிக்கவே வேண்டாம், வந்தவுடன் மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். தண்ணீரைத் தூவும் ஸ்பிரிங்க்ளரும் கூடாது, துளிகள் காற்றில் பரவும். மரத்தைச் சுற்றி அடித்தூரை ஒட்டாமல் ஒரு பள்ளம் வெட்டி, சருகும் மரச்சில்லும் போட்டு, அந்த மூடாக்கின் அடியில் குழாய் முனையை விடுங்கள். தண்ணீர் கண்ணில் படக்கூடாது. கிணற்றிலிருந்தும் சுவரிலிருந்தும் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். அலுவலகத்தில் இதைக் கட்டாயம் கேளுங்கள். கிழங்கு, கீரை வகைகளுக்கு விடாதீர்கள்.

மண் குடிக்குமா என்று முன்பே பாருங்கள். முழங்கால் ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வற்றவிட்டு, மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். எங்களுடையது களிமண், குழியில் மணிக்கணக்கில் நின்றது. அதனால் ஒரு மரத்துக்குப் பதில் நான்கு மரங்களுக்குப் பிரித்தேன்.

மெஷின் பக்கத்திலேயே கைக்கெட்டும் உயரத்தில் மூன்று வழி வால்வு வையுங்கள். 'தோட்டம்', 'சாக்கடை' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், வீட்டில் எல்லாருக்கும் புரியட்டும். மழை நாளிலும், ப்ளீச் போட்ட நாளிலும், வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றாலும் சாக்கடைப் பக்கம் திருப்ப வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இந்தக் குழாயைக் குடிநீர்க் குழாயோடு இணைக்காதீர்கள். இதில் எந்த ஊர் அலுவலகமும் விட்டுக்கொடுக்காது, கொடுக்கவும் கூடாது.

சோப்பு விஷயத்தில் பல ஊர்களில் விதி இல்லை, ஆனால் செடி விடாது. சோடியம் சேரச் சேர மண் இறுகும். போரான் இலை விளிம்பைக் கருக்கும். சலவைத்தூளில் பொதுவாக உப்பு அதிகம் என்பதால் நான் திரவத்துக்கு மாறிவிட்டேன்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மூடாக்கு மக்கிக் குறைந்து பள்ளத்தில் தண்ணீர் மினுங்க ஆரம்பித்தால் அன்றைக்கே இரண்டு கூடை சருகு போடுகிறேன். எனக்கு அது ஏறக்குறைய ஐந்து மாதத்துக்கு ஒருமுறை வருகிறது.