மூலக்கூறுகளை வகைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒத்த அணு மூலக்கூறா (ஒரே தனிமத்தின் அணுக்கள் சேர்ந்தது), வேற்று அணு மூலக்கூறா (வெவ்வேறு தனிமங்களின் அணுக்கள் சேர்ந்தது)? கேள்வி சின்னதுதான். ஆனாலும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட இதில் மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். அணுக்களின் வகையைக் கேட்டால் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறார்கள். ஓசோனில் மூன்று அணுக்கள் உண்டு, மூன்றும் ஆக்சிஜன். ஆகவே அது ஒத்த அணு மூலக்கூறு. கார்பன் மோனாக்சைடில் இரண்டே அணுக்கள். ஒன்று கார்பன், இன்னொன்று ஆக்சிஜன். அது வேற்று அணு மூலக்கூறு. 'ஈரணு' என்று பார்த்ததும் 'இரு வகை' என்று கை தானாக எழுதிவிடும். நைட்ரஜனும் ஈரணுதான், ஹைட்ரஜன் குளோரைடும் ஈரணுதான். முதலாவதில் ஒரே தனிமம், அடுத்ததில் இரண்டு. முதலில் எத்தனை தனிமங்கள் என்று பாருங்கள். எத்தனை அணுக்கள் என்பது அப்புறம்.

அடுத்தது அணுக்கட்டு எண், அதாவது ஒரு மூலக்கூறில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை. மூலக்கூறு நிறையை அணு நிறையால் வகுக்கச் சொல்லித் தருகிறோம். வெண் பாஸ்பரசுக்கு 124ஐ 31ஆல் வகுத்தால் 4. கந்தகத்துக்கு 256ஐ 32ஆல் வகுத்தால் 8. சரியாக வருகிறதே என்று தண்ணீருக்கும் இதையே போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். 18ஐ எந்த எண்ணால் வகுப்பது? ஹைட்ரஜனின் 1ஆல் வகுத்தால் 18 வரும், ஆக்சிஜனின் 16ஆல் வகுத்தால் 1.125 வரும். இரண்டுமே தப்பு. இந்தச் சூத்திரம் ஒத்த அணு மூலக்கூறுக்கு மட்டுமே பொருந்தும். வேற்று அணு என்றால் வாய்பாட்டில் உள்ள அணுக்களைக் கூட்டிவிடுங்கள்: ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1, மொத்தம் 3.

எழுதும்போதும் கவனம் வேண்டும். கோபால்ட்டின் குறியீட்டில் (Co) இரண்டாவது எழுத்தைப் பெரிதாக எழுதினால் அது கார்பன் மோனாக்சைடு (CO) ஆகிவிடும்; ஒரு தனிமம் இரண்டாகிவிடும்.

ஐசோடோப்பைக் கண்டும் குழம்ப வேண்டாம். சாதாரண ஹைட்ரஜனும் அதன் ஐசோடோப்பான டியூட்டீரியமும் சேர்ந்த மூலக்கூறில் நியூட்ரான் எண்ணிக்கைதான் வேறு. புரோட்டான் இரண்டிலும் ஒன்றே, தனிமமும் ஒன்றே. ஆகவே இதுவும் ஒத்த அணு மூலக்கூறுதான்.

கடைசியாக, சேர்மம் எல்லாமே மூலக்கூறு அல்ல. சமையல் உப்பில் சோடியம், குளோரின் என இரண்டு தனிமங்கள் இருப்பதால் அதை வேற்று அணு மூலக்கூறு என்று எழுதுகிறார்கள். உப்புப் படிகத்தில் தனி மூலக்கூறு என்று எதையும் பிரித்துக் காட்ட முடியாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் (மின்னூட்டம் பெற்ற அணு) ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் சூழ்ந்திருக்கும். அதனால்தான் 58.5 என்பதை அதன் மூலக்கூறு நிறை என்று சொல்லாமல் வாய்பாட்டு நிறை என்கிறோம்.