இறுகிப்போய்க் கிடந்த அம்மம்மாட கால்மெசினை ஓட வச்சது எப்பிடி

போன பங்குனி பின்னறை துப்பரவாக்கேக்க அரிசி மூட்டைக்குக் கீழ இருந்து அம்மம்மாட சிங்கர் மெசினை வெளியில எடுத்தம். கைச்சில்லைப் பிடிச்சுச் சுத்திப் பாத்தன், ஒரு நெல்லு அகலம் கூட அசையேல்ல. ரவுனில ஒருத்தரைக் கூட்டிவந்து காட்ட அவர் ரெண்டு தரம் தட்டிப் பாத்திட்டு "உள்ளுக்கெல்லாம் தேஞ்சுபோச்சு தம்பி, இரும்பு விலைக்குத்தான் போகும், வேணுமெண்டா நான் எடுக்கிறன்" எண்டார். அவர் எடுக்கிறன் எண்டு சொன்ன விதத்திலயே எனக்கு ஒரு சந்தேகம் வந்திட்டுது. தேஞ்ச மெசின் லொடலொடக்க வேணும், ஏன் இறுகோணும்?

அம்மாட்டக் கேக்கத்தான் விசயம் வெளிச்சது. 90க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த நேரம் மெசின் எண்ணெய் வரேல்ல, மண்ணெண்ணெய் இருந்தாலும் அது ஜாம் போத்தல் விளக்குக்கே காணாது, அதால அம்மம்மா தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் தைச்சவ. அண்டைக்கு அது ஓடினது, சட்டை தைச்சுத்தான் வீடும் ஓடினது. 95 ஐப்பசியில சண்டையால சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடேக்க மாமா மெசின்ட தலையை, அதாவது தைக்கிற மேல்பகுதியை, மட்டும் கழட்டி சைக்கிள் கரியரில கட்டி நாவற்குழிப் பாலம் தாண்டிக் கொண்டு போனவர், 96இல திரும்பி வரேக்க இரும்புக் கால் அப்பிடியே நிண்டது, லாச்சிதான் இல்லை. பிறகு ஆரும் தைக்கேல்ல. தேங்காய் எண்ணெய் அத்தினை வருசமும் உள்ளுக்க காய்ஞ்சு பலாப்பால் மாதிரி ஒட்டிக் கிடந்தது.

ஆகவே இறுக்கம் எண்டது தேய்மானம் இல்லை, பிசின். இதை மனசில வச்சா பாதி வேலை முடிஞ்சுது. நான் செய்தது 15கே எண்ட வகை. அந்த "கே" ஸ்கொட்லாந்தில கிளைட்பாங்கில இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கிறது, 1980இல அதை மூடிப்போட்டினம். மற்ற பழைய மெசினுகளுக்கும் வழி கிட்டத்தட்ட ஒண்டுதான்.

சாமான்

மண்ணெண்ணெய் கால் போத்தல், தையல் மெசினுக்கெண்டு விக்கிற தண்ணி மாதிரித் தெளிஞ்ச எண்ணெய், பழைய பல்லுத் தீட்டுற பிறஷ் ரெண்டு, பருத்திச் சீலைத்துண்டு கனக்க, பாவிச்ச ஊசிமருந்துச் சிறிஞ்சு (ஊசி இல்லாமல்), ரோச். ஸ்குறூ றைவர் விசயத்தில மட்டும் கஞ்சத்தனம் பிடிக்காதேங்கோ. அலகு ஸ்குறூவின்ட வெட்டுக்குள்ள அகலமாயும் இறுக்கமாயும் இருக்கோணும், இல்லாட்டி வழுக்கி வெட்டைத் திண்டுபோடும். பழைய சிங்கர் ஸ்குறூவின்ட புரி அவையின்ட சொந்தப் புரி, ஹாட்வெயார் கடையில போய் அதே மாதிரி ஒண்டு தா எண்டா கிடைக்காது. நான் ஒரு பழைய பெரிய றைவரை அரத்தில தேய்ச்சு அளவாக்கித்தான் பாவிச்சனான்.

டப்பாவில வாற அந்த விசுறுற கறள் நீக்கியை நம்பாதேங்கோ. இளக்க உதவும், ஆனா அது எண்ணெய்க்குப் பதில் இல்லை, கொஞ்ச நாளில காய்ஞ்சு போயிரும்.

இளக்கிறது

ஊசியைக் கழட்டுங்கோ, பெல்ட்டைச் சில்லில இருந்து தள்ளி விடுங்கோ, தலையைப் பின்னால சரியுங்கோ. ஒவ்வொரு இடத்தையும் போனில படம் எடுங்கோ, ஞாபகம் இருக்கும் எண்டு நினைக்காதேங்கோ, இராது.

பேந்து ஓட்டை இருக்கிற இடமெல்லாம், இரும்பும் இரும்பும் உரசிற இடமெல்லாம் சிறிஞ்சால மண்ணெண்ணெய் ரெண்டு மூண்டு துளி. இடப்பக்கத்து முகத்தகட்டைக் கழட்டினா ஊசிக்கம்பியும் அதுக்குப் பக்கத்தில துணியை அமத்துற கம்பியும் தெரியும், மண்ணிறமா மெழுகு பூசின மாதிரி இருக்கும், அங்கதான் பிசின் கூட. முத்தத்தில வச்சுச் செய்யுங்கோ, குசினிக்குள்ளயோ சாமி விளக்குக்குப் பக்கத்திலயோ வேண்டாம்.

விட்டிட்டு உடன சுத்தப் பாக்காதேங்கோ. நான் தலையைச் சீமெந்துத் திண்ணையில பங்குனி வெயிலுக்க ஒரு மணித்தியாலம் வச்சனான், இரும்பு கை சுடுற அளவுக்கு வந்திட்டுது, பிசின் தானா இளகத் தொடங்கினது. மோட்டர் பூட்டின மெசினெண்டா மோட்டரையும் வயரையும் கழட்டி வச்சிட்டு இதைச் செய்யோணும். சூட்டோட கைச்சில்லை முன்னுக்கும் பின்னுக்கும் மெல்லமா ஆட்டுங்கோ. குறடு போட்டுத் திருகிறது, சுத்தியலால தட்டிறது எல்லாம் விசர் வேலை, வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

முதல் நாள் ஒண்டும் நடக்கேல்ல. திரும்ப மண்ணெண்ணெய், திரும்ப வெயில். ரெண்டாம் நாள் மத்தியானம் ஒரு சின்ன "க்ரிக்" சத்தத்தோட ஒரு விரலகலம் அசைஞ்சது. அந்த நேரம் வந்த புழுகத்தில ஒரேயடியாச் சுத்தப் போய் அம்மாட்டப் பேச்சு வாங்கினன். மூண்டாம் நாள் முழுச் சுத்து வந்திட்டுது, ஊசிக்கம்பியால தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஒழுகினது. அதை ஒழுக விட்டுத் துடைச்சு, திரும்ப விட்டுத் துடைச்சு, தெளிஞ்சு வாற வரைக்கும் செய்யுங்கோ.

ஒரு பிழையும் விட்டனான். மேல கறுப்பு மினுக்கத்தில பொன்னிறப் பூவேலை இருக்கெல்லோ, அதைத் துடைக்க கொரோனா நேரம் வாங்கி மிஞ்சின சனிட்டைசரைப் பாவிச்சன். பூவுக்கு மேல பூசியிருக்கிறது அரக்கு, ஸ்பிரிட் பட்டா அரக்குக் கரையும். ஒரு பக்கத்துப் பூ சீலையோட வந்திட்டுது, இப்பவும் அந்த இடம் வெளிறிப்போய்த்தான் இருக்கு. வெளிப்பக்கத்துக்கு மெசின் எண்ணெய் தொட்ட சீலை காணும்.

ஹூக்கும் பல்லும்

ஊசி இறங்கிற இடத்துத் தகட்டைக் கழட்டினா துணி தள்ளுற பல்லு இருக்கும். அதின்ட இடுக்கில பஞ்சும் எண்ணெயும் சேந்து கம்பளி மாதிரி இறுகிக் கிடக்கும், ஈர்க்கிலால கிண்டி எடுங்கோ. பொபின் கேஸை (கீழ்நூல் உருளை இருக்கிற கூடு) எடுத்திட்டு ஹூக்கையும், அதாவது மேல்நூலைக் கொளுவிப் பிடிக்கிற கொக்கியையும், கழட்டுங்கோ (எங்கடையில திருகாணி, பிந்தின மெசினுகளில ரெண்டு பக்கமும் திறக்கிற சின்னக் கொளுவி இருக்கும்). ஹூக் ஓடுற தவாளிப்புக்குள்ள எங்கட மெசினில பச்சை நூல் ஒண்டு சுத்திக் கிடந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினன், கொஞ்ச நேரம் கையில வச்சுப் பாத்திட்டு "இது சின்னக்காட பாவாடை நூல்" எண்டா.

இனி மழமழப்பாக்கிறது. ஊசி வளைஞ்சு அடிச்ச இடங்களில ஹூக்கின்ட நுனியிலயும் தகட்டு ஓட்டையிலயும் சின்னச் சொர சொரப்பு வந்திருக்கும், நூல் அறுகிறதுக்கு அதுதான் காரணம். கண்ணுக்குத் தெரியாது, பஞ்சை உரசிப் பாருங்கோ, பிடிச்சா அந்த இடம்தான். ஆயிரம் நம்பருக்கு மேற்பட்ட மெல்லிய எமரித் தாளால ரெண்டு மூண்டு இழுப்பு, திரும்பப் பஞ்சால பாருங்கோ. அரம் வேண்டவே வேண்டாம். நுனியின்ட வடிவம் மாறினா ஹூக் நூலைப் பிடியாது, பிறகு அழுதும் பிரயோசனம் இல்லை.

என்னை ரெண்டு கிழமை அலைக்கழிச்ச வாஷர்

எல்லாம் துப்பரவாக்கிப் பூட்டின பிறகு கைச்சில்லு சும்மா வழுவழு எண்டு சுத்துது, ஊசி மட்டும் அசையேல்ல. சில்லின்ட நடுக்குமிழை இறுக்கினா ஊசி ஓடுது, ஆனா பொபினில நூல் சுத்திறதுக்கு அதைத் தளத்தினா தளருதில்லை. ரவுனில இருந்து வந்த அந்த ஆள் சொன்னது சரிதானோ எண்டு கூட நினைச்சிட்டன்.

கைச்சில்லின்ட நடுவில ஒரு வட்டக் குமிழ் இருக்கு. அதில ஒரு சின்ன ஸ்குறூ. அந்தச் சின்னதைக் கழட்டினாத்தான் குமிழ் முழுசாக் கழண்டு வரும். குமிழுக்குப் பின்னால ஒரு மெல்லிய வாஷர், அதில வெளிப்பக்கம் மூண்டு காது, உள்பக்கம் ரெண்டு சின்னக் கொம்பு. கொம்பு ரெண்டும் தண்டின்ட வெட்டுக்குள்ள இருக்கோணும், அதுகள் வளைஞ்சிருக்கிற பக்கம் வெளியில, அதாவது உங்களைப் பாத்தபடி. நான் உள்ளுக்குப் பாத்தபடி போட்டிருந்தன். படம் எடுக்காமல் விட்ட ஒரே இடம் அது.

சரியாத் திருப்பிப் போட்டும் குமிழ் இறுகேல்ல எண்டாலோ தளரேல்ல எண்டாலோ பயப்பிடாதேங்கோ. வாஷரை எடுத்து அதே முகம் வெளியில இருக்கத் தக்கதா அரைவட்டம் திருப்பி, ரெண்டு கொம்பையும் இடம் மாத்திப் போடுங்கோ. அந்தச் சின்ன ஸ்குறூ போய் இடிச்சு நிக்கிறது மூண்டு காதில ஒண்டில, அரைவட்டம் திருப்பினா இடிக்கிற இடம் மாறும். எனக்கு ரெண்டாவது தரம் சரி வந்தது. இரவு பத்தரைக்கு.

வாஷருக்குப் பின்னால கைச்சில்லு தண்டில இருக்கிற இடத்தையும் துடைச்சு ஒரு துளி எண்ணெய் விடுங்கோ, அங்கயும் பிசின் பிடிச்சாச் சில்லு தளராது.

எண்ணெய்

மண்ணெண்ணெய் கழுவத்தான், ஓடுறதுக்கு இல்லை. அதைத் துடைச்சுக் காயவிட்ட பிறகு ஒவ்வொரு ஓட்டைக்கும் மெசின் எண்ணெய் ஒரு துளி, ஹூக் ஓடுற இடத்துக்கு ஒரு துளி, அடியில அசையிற மூட்டெல்லாத்துக்கும் ஒவ்வொரு துளி. நூல் இறுக்கிற தட்டுகளுக்குள்ள மட்டும் விடக்கூடாது, அங்க நூலால சும்மா துடைச்சாப் போதும். கால் மிதிக்கிற பலகையின்ட ரெண்டு முனை, பெரிய சில்லின்ட நடு, ரெண்டையும் தொடுக்கிற தண்டு, இதுகளை மறந்திட்டுத் தலையையே குறை சொல்லுவினம். நூல் இல்லாமல் அஞ்சு நிமிசம் ஓட்டி, அடியில சீலை விரிச்சு ஒரு இரவு விட்டிட்டு, காலம பழந்துணியில தைச்சுப் பாருங்கோ.

அப்பப்பா துவக்கு வச்சிருந்த காலத்தில அதுக்கும் இந்த எண்ணெயைத்தான் விட்டவராம், அம்மம்மாட குப்பியில களவெடுத்து. அதில ஒரு பொருத்தமும் இருக்கு: ரெண்டாம் உலகப்போர் நேரம் அமெரிக்க ராணுவத்துக்குச் சிங்கர் கொம்பனி 500 கைத்துவக்குச் செய்து குடுத்தது, சேகரிக்கிற ஆக்கள் இப்ப அதைத் தலைகீழா நிண்டு தேடுகினம்.

பெல்ட் எங்கட மெசினுக்கு மூண்டின் கீழ் பதினாறு அங்குலத் தடிப்புத் தோல் வார். இறுக்கிப் பூட்டாதேங்கோ, துப்பரவாக்கின மெசின் திரும்ப இறுகின மாதிரி இருந்தா முதல் பெல்ட்டைத்தான் பாக்கோணும்.

பிறகு சேர்த்தது

இதைப் படிச்சிட்டு மூண்டு பேர் ஒரே பிரச்சினை சொன்னவை: மெசின் வடிவாச் சுத்துது, தையல் விழேல்ல. மூண்டு பேரும் ஊசியைத் திருப்பிப் போட்டிருக்கினம். ஊசியில நீளத் தவாளிப்பு ஒரு பக்கம், தட்டை மற்றப் பக்கம். நூல் தவாளிப்புப் பக்கத்தால போய்த் தட்டைப் பக்கத்தால வரோணும், ஹூக் வாறது தட்டைப் பக்கத்தால. எந்தப் பக்கம் எண்டு நான் சொல்லி வச்சாலும் மெசினுக்கு மெசின் மாறும், அதால ஹூக்கைப் பாத்துப் போடுங்கோ.

வேற ஒரு அக்கா கோண்டாவிலில இருந்து எடுத்துக் கதைச்சவ, மெசின் எண்ணெய் கிடைக்காட்டி நல்லெண்ணெய் விடலாமோ எண்டு. ஐயோ வேண்டாம் அக்கா. சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

கால்மெசின் புதுசாப் பழகிற ஆக்களுக்கு இன்னொண்டு. மிதிக்கத் தொடங்கேக்க சில்லு பின்பக்கமாச் சுத்தினா உடன நூல் கீழ சிக்குப்படும், நீங்கள் நான் பிழையாப் பூட்டச் சொன்னன் எண்டு நினைப்பியள். கைச்சில்லின்ட மேல்பக்கத்தைக் கையால உங்கட பக்கம் இழுத்து விட்டிட்டுத்தான் காலை அமத்தோணும். என்ட மகள் இதைப் பிடிக்க நாலு நாள் எடுத்தவ, இப்ப தலகாணி உறை தைக்கிறா, கோடு மட்டும் இன்னும் மாட்டு மூத்திரம் மாதிரித்தான் போகுது.