கணிதப் புதிர், கணித விழா, கைப்பொருள்கள்: பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணக்கை முதலில் முடித்தவர்களுக்கு மட்டும் புதிர் கொடுப்பது பல வகுப்புகளில் வழக்கமாகிவிட்டது. வேகமாகப் போடும் நாலைந்து பேர் அதை ரசிக்கிறார்கள். கணக்கு என்றாலே ஒதுங்கும் பிள்ளைகள் கைக்கு அது வந்து சேர்வதே இல்லை. முதலில் போய்ச்சேர வேண்டியது அவர்களிடம்தான். வாரத்தில் ஒரு பாடவேளையின் முதல் 15 நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். இருவர் இருவராக உட்காரட்டும். மூவராக உட்கார்ந்தால் ஒருவர் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்.

பிள்ளைகள் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் விடையைச் சொல்லிவிடுவது இன்னொரு தவறு. சொன்ன பிறகு அந்தப் புதிரில் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. விடைக்குப் பதிலாக ஒரு கேள்வி கொடுங்கள்: "எதைத் தொடவே வேண்டாம் என்று உறுதியாகத் தெரிகிறது?" தப்பான முயற்சிகளையும் அழிக்காமல் பலகையின் ஓரத்தில் விட்டுவையுங்கள். ஒரு வழி ஏன் சரிவராது என்று விளக்குவதும் கணிதம்தான். அன்றைக்கு விடை கிடைக்கவில்லையா, அடுத்த வாரம் வரை அப்படியே இருக்கட்டும்.

குச்சிப் புதிர்: ஒரே விடை என்று நினைப்பது

கால்குலேட்டரில் தெரியும் எண் வடிவத்தில் 6 + 4 = 4 என்று குச்சிகளால் அடுக்கி, ஒரே ஒரு குச்சியை நகர்த்திச் சரியாக்கச் சொல்வது எல்லோருக்கும் பழகிய புதிர். ஆசிரியரின் குறிப்பேட்டில் ஒரு விடை மட்டும் இருந்தால், வேறு விடையோடு வரும் பிள்ளையிடம் "தப்பு" என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. இதற்கு மூன்று விடைகள் இருக்கின்றன. 6-இன் நடுக்குச்சியை மேல் வலப்பக்கம் வைத்தால் 0 + 4 = 4. கூட்டல் குறியின் நிமிர்ந்த குச்சியை எடுத்து 6-ஐ 8 ஆக்கினால் 8 − 4 = 4. 6-இன் கீழ் இடக்குச்சியை எடுத்துக் கடைசி 4-இன் தலையில் வைத்தால் 5 + 4 = 9. இந்த 9-க்கு அடிக்குச்சி இருக்காது. அதை 9 என்று ஏற்கலாமா என்பதை வகுப்பே பேசி முடிவு செய்யட்டும்.

மருந்துத் தலையுள்ள தீக்குச்சி வேண்டாம். துடைப்பக் குச்சியை 5 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிக்கொண்டால் போதும். ஒரு ஜோடிக்குச் சரியாக 18 குச்சிகள் எண்ணிக் கொடுங்கள். கூடுதலாக இருந்தால் நகர்த்துவதற்குப் பதிலாகச் சேர்த்துவிடுவார்கள், புதிரே வேறாகிவிடும்.

பிறந்தநாள் சதுரம்: கூட்டிப் பார்ப்பதோடு நிறுத்துவது

ராமானுஜன் பிறந்தது 22-12-1887. அந்தத் தேதியை முதல் வரிசையாகக் கொண்ட மாயச் சதுரம் டிசம்பர் மாதம் பள்ளிச் சுவர்களில் தொங்கும்:

22, 12, 18, 87
88, 17, 9, 25
10, 24, 89, 16
19, 86, 23, 11

கிடையாக, நெடுக்காக, மூலைவிட்டமாக எப்படிக் கூட்டினாலும் 139. பிள்ளைகள் கூட்டிப் பார்த்து, வியந்து, நகர்ந்துவிடுகிறார்கள். அதோடு நிறுத்தினால் இது வெறும் கூட்டல் பயிற்சிதான். முதல் வரிசையை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொண்டால் மற்ற வரிசைகள் இப்படி அமைகின்றன:

ஈ+1, இ−1, ஆ−3, அ+3
ஆ−2, அ+2, ஈ+2, இ−2
இ+1, ஈ−1, அ+1, ஆ−1

ஒவ்வொரு வரிசையிலும் நான்கு எழுத்துகளும் ஒருமுறை வருகின்றன. கூட்டிய எண்களும் கழித்த எண்களும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. இயற்கணிதம் எதற்கு என்று கேட்கும் 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் கிடைப்பது அரிது. சூத்திரத்தை நீங்களே எழுதிப் போட்டுவிடாதீர்கள். ராமானுஜன் சதுரத்தைக் கொடுத்து, 88 எங்கிருந்து வந்தது, 17 எங்கிருந்து வந்தது என்று தேட விடுங்கள்.

பிறகு அவரவர் பிறந்த தேதியைப் போடும்போது இரண்டு சிக்கல்கள் வரும். ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்களுக்கு ஆ−3 குறை எண்ணாகிவிடும். குறை எண்களை இன்னும் படிக்காத தொடக்க வகுப்பில் இதைக் கொடுத்தால் அந்தப் பிள்ளைகள் தங்கள் தேதியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டாவது, எண்கள் திரும்ப வருவது. 14-08-2013 என்ற தேதிக்குக் கூட்டுத்தொகை எல்லாப் பக்கமும் 55 சரியாக வரும். ஆனால் 14 இருமுறை, 15 இருமுறை. மாயச் சதுரத்தில் எண்கள் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். "எந்தெந்தத் தேதிகளுக்கு எண் திரும்பும்?" என்று கேட்டுப்பாருங்கள். அ = ஈ+1 ஆனால் திரும்பும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே பிடித்துவிடுவார்கள்.

கோலத்தை அலங்காரமாக மட்டும் பார்ப்பது

பொங்கலை ஒட்டிக் கணிதக் கோலப் போட்டி வைத்து, வண்ணப்பொடி நேர்த்திக்குப் பரிசு கொடுத்தால் அது ஓவியப் போட்டி. கோலத்துக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. 7 புள்ளி ஊடுபுள்ளி (அடுத்த வரிசைப் புள்ளிகள் இடையிடையே வருவது), 4-இல் நிறுத்தினால் மொத்தம் எத்தனை புள்ளி? 4+5+6+7+6+5+4 = 37. அதே 7 புள்ளி நேர்ப்புள்ளியாக (புள்ளிக்கு நேராகப் புள்ளி) 1-இல் நிறுத்தினால் 1+3+5+7+5+3+1 = 25. இந்த 25, 4²+3² என்பதைப் புள்ளிகளைச் சாய்வாகப் பார்த்தால் கண்ணாலேயே காணலாம்.

இன்னும் ஆழமானது, புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்து செல்லும் சிக்குக் கோலம். செவ்வகமாகப் புள்ளி வைத்து, அடுத்தடுத்த எந்த இரு புள்ளிகளுக்கு நடுவிலும், கிடையாகவும் நெடுக்காகவும், இழை ஒருமுறை குறுக்கிட வேண்டும்; ஓரத்துக்கு வந்தால் வளைந்து திரும்ப வேண்டும். இப்படிப் போட்டால் 3×4 புள்ளிக்கு ஒரே இழை. 2×4-க்கு இரண்டு. 3×6-க்கு மூன்று. 4×6-க்கு இரண்டு. இழைகளின் எண்ணிக்கை அந்த இரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி! இதை முன்கூட்டியே சொல்லிவிடாமல், ஒவ்வொரு இழைக்கும் ஒரு வண்ணப் பென்சில் கொடுத்து, அட்டவணை போட வையுங்கள்.

குறுக்கீடு ஒன்று விட்டுப்போனால் இழைக் கணக்கு மாறிவிடலாம். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் வரும். சரிபார்க்க ஒரு வழி உண்டு: 3×4 கோலத்தில் குறுக்கீடுகள் 3×3 + 4×2 = 17 இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ இழை சீக்கிரமே திரும்பியிருக்கிறது.

கோலம் என்றால் மடித்தால் பொருந்தும் என்று பொதுவாகச் சொல்லிவிடுவதும் தவறு. பல சிக்குக் கோலங்கள் மடித்தால் பொருந்தாது, சுழற்றினால் மட்டுமே பொருந்தும். இரண்டு வகையையும் பக்கத்தில் வைத்து, ஒளி ஊடுருவும் தாளில் படியெடுத்து, மடித்தும் சுழற்றியும் பார்க்கச் செய்யுங்கள்.

அளவு தவறும் கைப்பொருள்கள்

பின்னப் பட்டைகளை 20 செ.மீ. நீளத்தில் வெட்டினால் மூன்றில் ஒன்று 6.67 செ.மீ.; கத்தரிக்கோலால் அதைச் சரியாக வெட்ட முடியாது. மூன்று துண்டும் சேர்ந்து முழுப் பட்டையை எட்டாது, பிள்ளை குழம்பும். 24 செ.மீ. எடுத்தால் 12, 8, 6, 4, 3, 2 என எல்லாத் துண்டும் முழு எண்ணாக வரும். எல்லாக் குழுவுக்கும் ஒரே நீளம் இருப்பது அவசியம். ஒருவரின் அரை இன்னொருவரின் அரையைவிடப் பெரிதாக இருந்தால் பின்னத்தின் அடிப்படையே ஆடிவிடும்.

பல்லாங்குழிக்கு முட்டை அட்டை நல்ல மாற்று. ஆனால் 30 முட்டை அட்டை 6×5 அமைப்பு. 7 குழி வரிசை அதில் கிடைக்காது. இரண்டு வரிசைகளை வெட்டி, வரிசைக்கு ஒரு குழியை ஒட்டிக்கொள்ளுங்கள். குழிக்கு 5 வைத்தால் 70 காய், 6 வைத்தால் 84. ஊருக்கு ஊர் விதி மாறும் என்பதால் ஆட்டத்துக்கு முன்பே விதிகளைப் பலகையில் எழுதிவிடுங்கள். காய்க்குப் புளியங்கொட்டை போதும். அழகாக இருக்கிறதென்று குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த விதை கடும் நஞ்சு.

பை தினம்: இலக்கங்களை ஒப்பிப்பது

மார்ச் 14-ஐ உலகக் கணித தினமாக யுனெஸ்கோ 2019-இல் அறிவித்தது. அன்று பையின் (π, வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்) 100 இலக்கங்களை ஒப்பிக்கும் போட்டி நடத்துவது நினைவாற்றலைத்தான் சோதிக்கிறது. வட்டமான பொருள்களின் சுற்றளவையும் விட்டத்தையும் அளக்க விடுங்கள். அளக்கும்போது நேரும் பிழை எப்போதும் ஒன்றே: வளையலின் சுற்றளவை வெளிப்புறம் அளந்துவிட்டு விட்டத்தை உட்புறம் அளப்பது. வெளி விட்டம் 6.6, உள் விட்டம் 6 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 20.7; அதை 6-ஆல் வகுத்தால் 3.45 வந்து நிற்கும். பாத்திர மூடி, டப்பா போன்றவையே மேல். இழுபடும் கம்பளி நூலுக்குப் பதில் சணல் நூலை 5 சுற்றுச் சுற்றி, நீளத்தை 5-ஆல் வகுத்தால் பிழை குறையும். 22/7 என்பதே பை என்று சொல்லிவிடாதீர்கள்; அது 3.1428, பை 3.1415.

விழா நாள்

தேசியக் கணித தினமான டிசம்பர் 22 அரையாண்டுத் தேர்வை ஒட்டி வருகிறது. மார்ச் 14 பொதுத்தேர்வுக் காலம். தேதியைப் பிடித்துக்கொண்டு அவசரமாக நடத்துவதைவிட நவம்பரிலோ பொங்கல் விடுமுறைக்குப் பின்போ நிதானமாக நடத்துவது நல்லது.

நன்றாகப் பேசும் ஆறு பேர் மாதிரிகளுக்குப் பின்னால் நின்று மனப்பாட உரை சொல்ல, மற்றவர்கள் வரிசையில் நடந்துபோவது விழா ஆகாது. 40 பேருக்கு 8 மேசை, மேசைக்கு 5 பேர், 10 நிமிடத்துக்கொருமுறை மணியடித்து மாறினால் ஒன்றரை மணி நேரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் செய்துபார்த்துவிடுவார்கள். ஒவ்வொரு மேசையிலும் செய்வதற்கு ஒன்று இருக்க வேண்டும். செய்யும் முறை இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. வேகப் போட்டியைத் தவிருங்கள். நிதானமாக யோசிக்கும் பிள்ளை அதில் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுகிறது.

விழா முடிந்த அன்றே பொருள்களைப் பிரித்து வையுங்கள். ஒரு சதுரத்தை வெட்டி உருவங்கள் அமைக்கும் டேன்கிராமின் 7 துண்டுகளில் ஒன்று தொலைந்தாலும் அந்தத் தொகுப்பு வீண். ஒவ்வொரு தொகுப்பையும் ஒரு நிற அட்டையில் வெட்டி, துண்டுகளின் பின்புறம் தொகுப்பு எண்ணை எழுதித் தனித்தனிப் பையில் போடுங்கள். அட்டை இருபுறமும் ஒரே நிறமாக இருக்கட்டும். ஒருபக்க வண்ண அட்டையானால் இணைகரத் துண்டைத் திருப்பிப் போடலாம் என்பதே பிள்ளைகளுக்குத் தோன்றாது, பாதி உருவங்கள் முடியாமல் நிற்கும்.