பின் மட்கார்டைக் கழற்றுவதற்கு முன்னால்: பெங்களூரு பைக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை அல்சூரிலிருந்து சித்தி மகன் வண்டியோடு வந்து நின்றான். கையில் ஒரு அட்டைப்பெட்டி. ஜே.சி. ரோட்டில் வாங்கிய டெயில் டைடி, அதாவது கம்பெனி மட்கார்டுக்குப் பதிலாக நம்பர் பிளேட்டையும் இண்டிகேட்டரையும் தாங்குகிற குட்டி பிராக்கெட். "அண்ணா, கம்பெனி மட்கார்டு மாட்டு வால் மாதிரி தொங்குது, கழட்டிடலாமா?" என்றான். கழற்றுவது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் அவனைத் திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: வண்டிக்குப் பின்னால் குந்தி உட்காருங்கள்

மட்கார்டு என்றால் சேறு தடுக்கும் பிளாஸ்டிக், அவ்வளவுதானே என்று தோன்றும். அதில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நம்பர் பிளேட், அதற்கு மேல் ஒரு குட்டி வெள்ளை விளக்கு, சிவப்பு ரிஃப்ளெக்டர், இரண்டு பக்கமும் இண்டிகேட்டர். சில வண்டிகளில் டெயில் லைட்டும் அதில்தான் இருக்கும். இவற்றுக்கெல்லாம் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனித்தனியாக விதி இருக்கிறது. உங்களுக்கு அது ஒரு மட்கார்டு. தடுத்து நிறுத்துகிற போலீஸ்காரர் கண்ணுக்கு நாலைந்து விதிகள். போனில் நாலு கோணத்தில் படம் எடுத்து வையுங்கள், பிறகு வயரிங்குக்கும் உதவும்.

படி 2: சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52: ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ(4) சேர்ந்தது: விதிகள் அனுமதிக்காத முறையில் வண்டியை மாற்றினாலோ, வெளிப் பாகங்களைப் பொருத்தினாலோ, உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒரு மாற்றத்துக்கு' என்பதைக் கவனித்தீர்களா? இந்தப் பிரிவில் மாட்டிக்கொள்வது கடைக்காரர் இல்லை, நீங்கள்.

"ஆர்.சி.யில் மட்கார்டுன்னு ஒரு வரியே இல்லையே?" என்று தம்பி கேட்டான். சரிதான், இல்லை. அந்த வாதத்தை மழையில் சிக்னல் ஓரம் நின்று செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், கம்பெனி மட்கார்டு இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மாற்றியே தீருவேன் என்றால் எதையும் வெட்டாதீர்கள். போல்ட்டில் பொருந்தி, திரும்பக் கழற்றக்கூடியதாக, கீழே சொல்லும் எல்லாவற்றையும் தாங்குகிற ஒன்றாகப் பாருங்கள். அப்போதும் ஆபத்து முழுக்கப் போய்விடாது, குறையும்.

படி 3: நம்பர் பிளேட்

அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடுதான் டெலிவரி. கர்நாடகத்தில் பழைய வண்டிகளுக்கும் அது கட்டாயம். அலுமினியத் தகடு, இடது மேல் மூலையில் அசோகச் சக்கர ஹோலோகிராம், கீழே லேசரில் பொறித்த எண். பின் பிளேட் பெரும்பாலும் 200 x 100 மில்லிமீட்டர் அளவு. எழுத்துகள் 35 மில்லிமீட்டர் உயரம், எண்கள் 40.

அதைப் பிடித்திருப்பது ஸ்னாப் லாக். ஒரு தடவை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், உடைத்தால்தான் வரும், மறுபடி பயன்படாது. தம்பி பெட்டியில் இருந்த பிராக்கெட்டை எடுத்து வைத்துப் பார்த்தோம். தகட்டைவிட இரண்டு விரல் குறுகலாக இருந்தது. "தகட்ட ஓரத்துல மடிச்சுக்கலாம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்று கடையில் சொன்னார்களாம். மடிக்கவே கூடாது. வானத்தைப் பார்க்கிற மாதிரி சாய்க்கவும் கூடாது; சந்திப்புக் கேமராவுக்கு எண் தெரியாமல் ஓட்டுவது வேறொரு குற்றமாகப் போய் முடியும். ஸ்னாப் லாக்கை உடைக்க வேண்டியிருந்தால், முதலில் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் போய் மறுபடி பொருத்தித் தருவார்களா என்று கேட்டுவிட்டு ஸ்பானரை எடுங்கள்.

படி 4: விளக்குகள்

விதி 105இன்படி பின் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். நம்பர் பிளேட் மேல் வெள்ளை வெளிச்சம் விழுந்து, 15 மீட்டரிலிருந்து எண்ணை வாசிக்க முடிய வேண்டும். சோதிப்பது சுலபம். இருட்டியதும் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்துவிட்டு, பின்னால் இருபது தப்படி நடந்து திரும்பிப் பாருங்கள். டெயில் டைடியோடு வரும் கடுகளவு எல்.இ.டி. பாதித் தகட்டுக்குத்தான் வெளிச்சம் கொடுக்கும். அப்படியென்றால் கம்பெனி விளக்கையே கழற்றி மாட்டுங்கள்.

இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில், நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்ன வேண்டும். பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டால் மின்சாரம் குறைவாக இழுக்கும். இண்டிகேட்டரை மின்ன வைக்கும் பழைய ஃபிளாஷர் ரிலே, பல்பு ஃபியூஸ் போய்விட்டதாக நினைத்து படபடவென்று அடிக்கும். அரை நிமிடத்தில் 60க்கு மேல் எண்ணினால், எல்.இ.டி.க்கான ரிலே வாங்கிப் போடுங்கள்.

ரிஃப்ளெக்டரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். விதி 104 கேட்கிறது. இரவில் டெயில் லைட் அணைந்து வண்டி ரோட்டில் நின்றுபோனால், பின்னால் வரும் லாரிக்கு உங்களைக் காட்டுவது அந்தச் சிவப்புத் துண்டு மட்டும்தான். அதைக் கழற்றிப் புது பிராக்கெட்டில் மாட்டுங்கள்.

படி 5: சேலை கார்டு

மட்கார்டோடு சேர்த்து இதையும் கழற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. விதி 123: பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும், கைப்பிடியும் கால் வைக்க ஃபுட்ரெஸ்ட்டும் வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குச் சித்தி பட்டுப்புடவையில் அவன் பின்னால்தான் உட்கார்ந்து முருகன் கோயிலுக்குப் போவார். இதை நினைவுபடுத்தியதும் தம்பி பெட்டியை மூடிவிட்டான். சட்டப் பிரிவு எல்லாம் சொன்னபோது அசையாதவன்!

படி 6: இன்சூரன்ஸ்

மாற்றிவிட்டீர்கள் என்றால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலைப் பத்திரமாக வையுங்கள். சொல்லாமல் விட்டால் க்ளெய்ம் நேரத்தில் அதையே காரணம் காட்டலாம்.

படி 7: பழையதைத் தூக்கி எறியாதீர்கள்

கழற்றிய கம்பெனி மட்கார்டைச் சாக்கில் சுற்றி பரணில் போடுங்கள். போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு அதோடேயே கட்டிவிடுங்கள். வண்டியை விற்கும்போதோ, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோகும்போதோ, ஜூன் மாதம் முதல் மழையில் சட்டை முதுகில் கழுத்து வரை சேற்றுக் கோடு விழும்போதோ தேடுவீர்கள்.