பழைய துண்டும் மெத்தைப் பஞ்சும் போதும், அறையின் எதிரொலியை அடக்கலாம்

மும்பை செம்பூரில் எங்கள் ஹால் பத்துக்குப் பத்து. டைல்ஸ் தரை, வெறும் சுவர், ஒரு இரும்பு பீரோ. அங்கே உட்கார்ந்து மகள் ஜண்டை வரிசை (கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று) பாடி, போனில் ரெக்கார்டு செய்து டீச்சருக்கு அனுப்பினால் ஸஸ ரிரி கக என்று இரட்டையாக விழ வேண்டிய ஸ்வரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே இழுப்பாகக் கேட்டன. குழந்தை சரியாகத்தான் பாடுகிறாள், கெடுப்பது அறை.

உங்கள் அறையும் அப்படியா என்று பார்க்க, நடுவில் நின்று பலமாக ஒரு முறை கை தட்டுங்கள். தட்டி முடித்த பிறகும் 'ட்ரிங்' என்று ஒரு நடுக்கம் மிச்சம் நின்றால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியை மாற்றி மாற்றி எறிகின்றன.

ஒலி என்றால் காற்று முன்னும் பின்னும் அசைவதுதான். அந்தக் காற்று பஞ்சுக்குள் நுழைந்தால் எண்ணற்ற இழைகளில் உரசி உரசித்தான் போயாக வேண்டும், அந்த உரசலில் ஒலி கைக்குத் தெரியாத அளவு சூடாக மாறித் தேய்ந்துவிடுகிறது. அதனால் காற்றே புகாத ரெக்ஸின் உறை போட்ட மெத்தையைச் சாய்த்து வைத்துப் பெரிய பலன் இல்லை. துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள்: மறுபக்கம் வைத்த கையில் மூச்சு பட வேண்டும், ஆனால் கொஞ்சம் முட்டிக்கொண்டு வர வேண்டும். கொசுவலை மாதிரி தடையே இல்லாமல் வந்தால் ஒலியும் அப்படியே தாண்டிப் போய்விடும் (ஸ்பீக்கர் முகப்பில் மெல்லிய துணி போர்த்துவது இதனால்தான்). தேங்காய்ப்பூத் துண்டு இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும்.

சரி, செய்முறை. ரீப்பர் கட்டையில் 4 அடிக்கு 2 அடி சட்டம், ஆழம் 4 அங்குலம். உள்ளே பழைய துண்டுகளையோ, பிரித்து அடித்த மெத்தைப் பஞ்சையோ நிரப்புங்கள். வருஷக்கணக்கில் படுத்துக் கட்டிதட்டிய பஞ்சை அப்படியே போடாதீர்கள், மெத்தை தைக்கிற கடையில் கொடுத்தால் புதிதாக அடித்துத் தருவார்கள். அமுக்கித் திணிக்கவும் வேண்டாம். முகப்புக்குப் பழைய வேட்டித் துணி போதும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் துளை அடைபட்டு உழைப்பெல்லாம் வீண்.

மாட்டும்போது சுவரோடு ஒட்டாமல் 2 அங்குலமாவது இடைவெளி விடுங்கள். சுவரை ஒட்டிய காற்று அசைய முடியாது, அசையாத காற்று எதில் உரசும்? அலைநீளத்தில் கால் பங்கு தள்ளிப் போனால்தான் அசைவு உச்சத்துக்கு வரும். 1000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 1000 அதிர்வு) ஒலிக்கு அந்தக் கால் பங்கு ஏறக்குறைய 8.5 சென்டிமீட்டர், நம் சட்டத்துக்குள் அடங்கிவிடும். தாழ்ந்த ஒலியான 100 ஹெர்ட்ஸுக்கோ 85 சென்டிமீட்டர்! மிருதங்கத்தின் தொப்பி பக்கத்து 'தொம்' திரைச்சீலைக்கு அடங்காததற்குக் காரணம் இதுதான். முட்டை அட்டை ஒட்டுவதும் அப்படித்தான், அவ்வளவு மெல்லிசில் கீழ்ஸ்தாயியில் ஒன்றும் நடக்காது.

எத்தனை சட்டம் வேண்டும்? 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை என்று, அதைச் சரிசெய்யும் பொறுப்பை அங்கே இயற்பியல் ஆசிரியராக இருந்த வாலஸ் சபீனிடம் கொடுத்தார்கள். அவர் வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். பரப்பு கூடக் கூட நேரம் குறைந்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: ஒன்று மாட்டுங்கள், கை தட்டுங்கள், போதாவிட்டால் எதிர்ச்சுவரில் இன்னொன்று. எங்களுக்கு மூன்றாவதில் ஸஸவும் ரிரியும் பிரிந்துவிட்டன.

ஆனால் பக்கத்து வீட்டு டிவி சத்தம் இதனால் நிற்காது. பஞ்சு தன் அறைக்குள் சுற்றும் ஒலியைத்தான் குடிக்கும். வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவர் வேண்டும், கதவடி இடுக்கை அடைக்க வேண்டும், அது தனி வேலை.

அப்புறம், பஞ்சு தீப்பிடிக்கும். சுவிட்ச் போர்டு, விளக்கு மாடம் பக்கம் மாட்டவே மாட்டாதீர்கள். ஜூனில் மழை பிடித்ததும் சுவர் ஓதம் ஏறும், அதனால் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சட்டத்தைக் கழற்றி ஃபேன் காற்றில் காயவைத்துவிட்டு மாட்டுங்கள்.