பழைய டெலிபோன் டைரக்டரி சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கத்துப் பழைய டெலிபோன் டைரக்டரி கைக்கு வந்தால் எல்லோரும் அட்டையில் ஆண்டைத்தான் தேடுகிறார்கள். உள்ளே எந்தெந்த எக்ஸ்சேஞ்சுகள் (ஊர்வாரித் தொலைபேசி இணைப்பகங்கள்) இருக்கின்றன என்பதை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும். பெரிய ஊருக்குப் பல பக்கங்கள் இருக்கும், சின்ன ஊருக்கு அரைப் பக்கம்தான். அந்த அரைப் பக்கம்தான் பிற்பாடு எங்கும் கிடைக்காது.

மாவட்டப் பெயரை வைத்துச் சேர்க்கத் தொடங்குவது டெல்டாவில் அதிகம் நடக்கும் தவறு. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-இல் திருவாரூரும் 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டமாயின. தொலைபேசித் துறையின் எல்லைக்கோடுகள் இந்தப் பிரிவினைகளைப் பின்தொடரவில்லை. தஞ்சாவூருக்கு 04362, கும்பகோணத்துக்கு 0435, பாபநாசத்துக்கு 04374, மயிலாடுதுறைக்கு 04364 என்று எஸ்.டி.டி. குறியீடுகள் தங்கள் வழியில் போகின்றன. புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலின் 04368, மன்னார்குடிக்கும் (04367) திருத்துறைப்பூண்டிக்கும் (04369) நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எனவே பட்டியல் நோட்டில் "திருவாரூர் மாவட்டம், 1985" என்று எழுதாதீர்கள். அப்படி ஒரு மாவட்டம் அன்று இல்லை. அட்டையில் உள்ளதை உள்ளபடி எழுதி, அதன் கீழ் எக்ஸ்சேஞ்சுகளை வரிசையாகக் குறித்துவிடுங்கள்.

எண்ணைக் குறிக்கும்போதும் இப்படித்தான். சின்ன எக்ஸ்சேஞ்சுகளில் இரண்டு, மூன்று இலக்க எண்கள்தான் இருந்தன. ஒரே எண் அம்மாப்பேட்டையிலும் இருக்கும், நீடாமங்கலத்திலும் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் எடுத்து வைத்தால் அதனால் யாருக்கும் பயனில்லை.

ஆண்டை ஊகிப்பதில்

அட்டை போன பிரதிகள்தான் அதிகம் கிடைக்கும். கடைக்காரர் சொல்லும் ஆண்டை நம்ப வேண்டாம், உள்ளேயே தடயம் இருக்கும். முதலில் முன்பக்கங்களைப் பாருங்கள். "இன்ன தேதி வரை திருத்தப்பட்டது" என்ற வரி இருந்தால், அட்டையில் அச்சிட்ட ஆண்டைவிட அதற்கே மதிப்பு அதிகம். பட்டியலை முடித்து, அச்சடித்து, வீடுகளுக்குக் கொடுத்து முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அட்டை ஆண்டும் பட்டியலின் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அந்த வரியும் கிழிந்து போயிருந்தால் வெளியிட்ட துறையின் பெயரைப் பாருங்கள். தபால் தந்தித் துறை என்றால் 1985-க்கு முன், தொலைத்தொடர்புத் துறை என்றால் 1985-க்கும் 2000-க்கும் இடையில், பி.எஸ்.என்.எல். என்றால் 2000 அக்டோபருக்குப் பின். விளம்பரத்தில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்கு முந்தியதாக இருக்க முடியாது. மாயூரம் மயிலாடுதுறையானது 1982-இல், மெட்ராஸ் சென்னையானது 1996-இல். தஞ்சாவூர் எண்கள் ஐந்து இலக்கத்தில் நின்றால் முன்னால் 2 சேர்ப்பதற்கு முந்தியது என்று கொள்ளலாம். அந்த 2 வந்தது 2000-களின் தொடக்கத்தில். கும்பகோணத்தில் ஆறு இலக்கம் ஏழானதும் அப்போதுதான்.

தடயத்தைத் தலைகீழாகப் படித்துவிடுவதுதான் இதில் வரும் பிழை. ஆங்கில எழுத்தில் "சென்னை" (Chennai) என்று இருந்தால் அந்தப் பக்கம் 1996-க்குப் பின் அச்சானது என்று துணிந்து சொல்லலாம். "மெட்ராஸ்" என்று இருப்பதை வைத்து 1996-க்கு முந்தியது என்று சொல்ல முடியாது. விளம்பரத்தின் பழைய பிளாக்கை (அச்சடிக்கும் தகட்டை) அப்படியே மறுபடி மறுபடி ஓட்டுவது அச்சகங்களின் வழக்கம். ஜவுளிக்கடைக்காரரும் புது பிளாக்குக்குக் காசு கொடுக்க மாட்டார். ஆகவே புத்தகத்தில் எது மிகப் புதிய தடயமோ அதையே கீழ் எல்லையாக, அதாவது இதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்ற ஆண்டாக, வையுங்கள். மேல் எல்லைக்கு விளம்பரத்தை விட்டுவிட்டு, துறையின் பெயர், எண்ணின் இலக்கம் போன்ற துறையே அச்சிட்டவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உறுதியில்லையென்றால் "1985–2000" என்று இடைவெளியாகவே எழுதலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

வாங்கும்போது

பக்க எண்களை ஒரு தடவை முழுக்க ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எஸ்.டி.டி. குறியீட்டுப் பக்கங்களும், மஞ்சள் பக்கங்களில் டாக்டர், லாரி புக்கிங் ஆபீஸ் வரும் தாள்களும் கிழிபடுவது சகஜம். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போன டைரக்டரி, பெட்டிக்கடையில் பொட்டலம் மடிக்கப் போகும். ஆயுத பூஜைக்கும் போகிக்கும் முன்னால் கடைகளையும் ஆபீஸ்களையும் ஒழிக்கும்போதுதான் இவை வெளியே வரும். போகி முடிந்து போய்க் கேட்டால் சாம்பல்தான் மிஞ்சும். மார்கழி பிறந்ததுமே வக்கீல், ஆடிட்டர் ஆபீஸ், லாட்ஜ், ரைஸ் மில், நெல் மண்டி, பழைய அச்சகம் என்று சொல்லி வைத்துவிட வேண்டும்.

துறை வெளியிட்ட தடித்த புத்தகத்தை மட்டும் தேடுவதும் தவறு. வர்த்தகர் சங்கம், பாத்திர வியாபாரிகள், ரைஸ் மில் உரிமையாளர்கள், ரோட்டரி, லயன்ஸ் போன்றவர்கள் போட்ட சிறு கைப்புத்தகங்களில் பங்குதாரர் பெயர், கிளைக் கடை, வீட்டு எண் என்று துறை டைரக்டரியில் இல்லாததெல்லாம் கிடைக்கும். மெலிதாக இருப்பதால் முதலில் குப்பைக்குப் போவதும் அவைதான். இரண்டு பதிப்புக்கு நடுவில் வந்த துணைப் பட்டியல்களுக்கும் அதே கதி.

ஓரங்களில் பேனாவால் எழுதிய எண்களை அழிக்காதீர்கள். அடுத்த பதிப்பு வரும்வரை அந்த வீடோ கடையோ செய்துகொண்ட திருத்தங்கள் அவை. மூலையில் கயிறு கோத்துத் தொங்கவிட்ட ஓட்டையையும் அடைக்க வேண்டாம்.

ஈரமும் பூச்சியும்

டைரக்டரித் தாள் மலிவான செய்தித்தாள் ரகம். மரக்கூழின் லிக்னின் அதில் அப்படியே இருப்பதால், வெளிச்சம் பட்டால் மஞ்சளாகி ஓரம் நொறுங்கும். முதுகில் நூல் தையல் இருக்காது, பசைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டா வீடுகளில் காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டும்போது பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி வைப்பவர்கள் உண்டு. தாளுக்குள் இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூஞ்சை அங்கேயே வளரும். கஞ்சி போடாத, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வைப்பது மேல்; கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. இரும்பு பீரோ நல்லது, ஆனால் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். புத்தகங்களைப் படுக்கையாக, நான்கைந்துக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். நிறுத்தி வைத்தால் தாளின் கனம் பசையிலிருந்து முதுகைப் பிய்த்துவிடும்.

வெள்ளத்தில் நனைந்த பிரதியை வெயிலில் காயப்போட்டால் தாள் வளைந்து பாளம் பாளமாக ஒட்டிக்கொள்ளும். நிழலில், மின்விசிறிக் காற்றில், இருபது தாளுக்கு ஒரு அச்சிடாத வெள்ளைத் தாளை இடையில் வைத்து, அது ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாளில் பூஞ்சை தொடங்கிவிடும். அதற்குள் முடியாது என்று தோன்றினால் பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். பூச்சி அரிக்கும் பிரதிக்கும் இதே வழிதான்: பையைக் காற்றுப் போகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டால், வியர்க்கும் நீர் பையின் மேல் படியும், தாளில் படியாது.

அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவியைச் சுவாசிப்பது நமக்குத்தான் கெடுதல். சரசுவதி மகால் நூலகத்தில் செய்ததுபோல வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்துத் துணி முடிச்சாக அலமாரியில் வைக்கலாம். அது பூச்சி அண்டுவதைக் குறைக்கும், உள்ளே குடியேறிவிட்டதைக் கொல்லாது. பொடியைப் பக்கங்களுக்கு நடுவே தூவினால் கறைதான் மிச்சம்.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுவதும், முதுகில் ஃபெவிகால் தடவுவதும், அட்டையை லேமினேட் செய்வதும் திரும்பிப் போக முடியாத வேலைகள். சில ஆண்டுகளில் டேப் உதிரும், பழுப்புப் பசை தாளிலேயே தங்கும். தளர்ந்த முதுகைத் துணி நாடாவால் சுற்றிக் கட்டினாலே போதும்.

ஸ்கேன் செய்தால்

ஸ்கேனர் கண்ணாடியில் அமுக்கினால் முதுகு பிளந்துவிடும். புத்தகத்தை வி வடிவத் தாங்கியில் பாதி மட்டும் திறந்து வைத்து மேலிருந்து படமெடுப்பது பாதுகாப்பு. தாள் மெல்லியது என்பதால் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் கறுப்புக் காகிதம் வைத்தால் அது மறைந்துவிடும். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள், பக்கத்தின் நெடுக்குப் பத்திகளைக் குழப்பி, ஒருவர் பெயரை இன்னொருவர் எண்ணோடு சேர்த்துவிடும். பத்தி பத்தியாக வெட்டிக் கொடுங்கள்.

பெயரைத் தேடுகிறவர்கள் ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடக் கூடாது. பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், இனிஷியல் பின்னால் வர அமைந்திருக்கும். இணைப்பு, காலமான தகப்பனார் பெயரிலேயே வருடக்கணக்கில் ஓடியிருக்கும். ஒருவர் பெயர் இல்லை என்பதால் அவர் அந்த ஊரில் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. போன் கேட்டுப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது.

இணையத்தில் ஏற்றும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும். அரசு வெளியீட்டுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1960-இல் வந்தது 2020-ஓடு விடுபட்டுவிட்டது, 1990-இல் வந்தது 2050 முடியும்வரை விடுபடாது. 1990-களின் டைரக்டரியில் இருப்பவர்கள் சிலர் இன்றும் அதே வீட்டில், முன்னால் ஒரு 2 மட்டும் சேர்ந்த அதே எண்ணோடு இருக்கக்கூடும். கடை விளம்பரங்களையும் மஞ்சள் பக்கங்களையும் ஆய்வுக்குப் பகிரலாம், வீட்டு முகவரிப் பக்கங்களை உங்கள் கணினியிலேயே வைத்திருங்கள்.